திரும்பும் நேரத்தைக் கரையிலேயே குறிக்க வேண்டும்

பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. காற்று மணிக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்புக்கு மாறிவிடும். ரயிலில் எத்தனை பேர் இருக்கிறார்கள், மண்டபத்தில் எவ்வளவு நேரமாக நிற்கிறது, ராமேஸ்வரத்தில் யாருக்கு என்ன அவசரம் என்பதெல்லாம் அந்தக் கருவிக்குத் தெரியாது. தெரியாததுதான் அதன் பலம். எந்த வேகத்தில் ரயிலை நிறுத்துவது என்பது காற்றில்லாத ஒரு நாளில், அமைதியாக உட்கார்ந்து எடுத்த முடிவு. காற்று வீசும் நாளில் அதைப் பற்றி யாரும் வாதாட வேண்டியதில்லை.

பனிக்காலத்தில் மலை ஏறுகிறவர்கள் உயிரோடு திரும்புவதும் இப்படிப்பட்ட ஒரு முடிவைப் பொறுத்தே இருக்கிறது. அதை ராமநாதபுரம் கரையில் இருந்துகொண்டு எழுதக் காரணம் உண்டு. கீழக்கரை, தங்கச்சிமடம், தொண்டிப் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறார்கள். டிசம்பர் விடுமுறையில் நண்பர்களோடு உத்தராகண்டின் கேதார்கந்தா போன்ற மலைகளுக்குப் பனி பார்க்கக் கிளம்புகிறார்கள். கேதார்கந்தாவின் உச்சி ஏறத்தாழ 3,800 மீட்டர். நம் மாநிலத்தின் தொட்டபெட்டாவைவிட ஒரு கிலோமீட்டருக்கு மேல் உயரம். பனியை வாழ்நாளில் மிதித்திராத இவர்களிடம், கடலுக்குப் போன தலைமுறைகள் விட்டுச்சென்ற ஓர் அறிவு இருக்கிறது. அதை மலைக்குக் கொண்டுபோக முடியும். எந்த இடத்தில் அது பொருந்தும், எந்த இடத்தில் கைவிட்டுவிடும் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

நம் கரையில் இரண்டு கடல் இருக்கிறது. ஐப்பசி பிறந்து வாடைக்காற்று எழுந்தால் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும். மன்னார் வளைகுடாப் பக்கம் ஓரளவு அடங்கியிருக்கும். தென்மேற்குப் பருவத்தின் கச்சான் காற்றுக் காலத்தில் இது தலைகீழாக மாறும். பாக் நீரிணையின் ஆழம் பெரும்பாலும் 13 மீட்டருக்குள்தான். ஆழமில்லாத நீரில் காற்று எழுப்பும் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும், மூச்சுவிட இடம் கொடுக்காமல் அடுத்தடுத்தும் வரும். சிறிய வள்ளத்தைக் கவிழ்க்க அது போதும். எனவே பலத்த காற்று வரும் என்று எச்சரிக்கை வந்தால் மீன்துறை, படகுகள் கடலுக்குப் போக அனுமதிக்கும் டோக்கன் கொடுப்பதை நிறுத்துகிறது. பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏறுகிறது. எண் 1, 2 என்றால் ஆபத்து தொலைவில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்தையே தொடக்கூடும். 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். டோக்கன் இல்லாத நாளில் அடுப்பு எரிவது கடினம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் போவதா வேண்டாமா என்ற பாரம் ஒரு படகு டிரைவரின் தலையில் மட்டும் விழாமல் அந்த ஏற்பாடு காப்பாற்றுகிறது.

அந்த ஏற்பாடு அறுந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு நம் மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. 1964 டிசம்பர் 22ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன்னால் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட 653 எண் பயணிகள் ரயில், தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் செயலிழந்து இருளில் நின்றது. சற்று நேரம் காத்திருந்துவிட்டு, நீளமாக ஒரு விசில் கொடுத்து ஓட்டுநர் ரயிலை நகர்த்தினார் என்பதே காலங்காலமாகச் சொல்லப்படும் செய்தி. எழுந்து வந்த கடல் ரயிலை மூடியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த ஓட்டுநரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடலைப் பற்றி அவருக்கு ஒரு செய்தியும் வந்துசேரவில்லை. ஊர் கூப்பிடு தூரத்தில் இருந்தது. பின்னால் பெட்டி நிறையப் பயணிகள். இருட்டு, மழை, காற்றின் இரைச்சல். அந்த நேரத்தில் ஒரு தனி மனிதன் சரியாக முடிவெடுப்பான் என்று எதிர்பார்ப்பதே தவறு.

பனிமலையில் ஏறுகிறவர் பெரும்பாலும் அந்த ஓட்டுநரின் நிலையில்தான் நிற்கிறார். அங்கே டோக்கன் அலுவலகம் இல்லை. தானாகச் சிவப்பாகும் சிக்னலும் இல்லை.

இமயமலையில் பனிக்காலம் என்பது வெறும் குளிர் இல்லை. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிளம்பும் மேற்கத்தியக் காற்றுச் சுழல்கள் டிசம்பர் முதல் மார்ச் வரை ஒன்றன்பின் ஒன்றாக வந்து காஷ்மீரிலும் உத்தராகண்டிலும் பனியைக் கொட்டுகின்றன. உயர்ந்த சிகரங்களின் மேல், கோடையில் வடக்கே விலகியிருக்கும் மேல்வளிப் பெருங்காற்று (ஜெட் ஸ்ட்ரீம்) பனிக்காலத்தில் தெற்கே இறங்கி வந்து மோதுகிறது. பகல் குறுகிவிடுகிறது. ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ ஆறரை டிகிரி வெப்பம் குறைகிறது. மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று அடித்தால், மூடாத தோலுக்கு அது மைனஸ் 35 போலத்தான். 10 முதல் 30 நிமிடத்துக்குள் விரலும் மூக்கு நுனியும் உறையத் தொடங்கும். காற்றழுத்தமும் பனிக்காலத்தில் குறைவதால், சிகரம் இன்னும் உயர்ந்துவிட்டது போல மூச்சு திணறும். எவரெஸ்டின் உச்சியில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். 1953இல் மனிதன் எட்டிய அந்த உச்சியை, பனிக்காலத்தில் முதன்முதலாக எட்ட 1980 பிப்ரவரி 17 வரை ஆனது. போலந்தைச் சேர்ந்த லெஷெக் சிகியும் கிஷிஷ்டோஃப் வியெலிட்ஸ்கியும் அதைச் செய்தார்கள். உலகின் இரண்டாவது உயரமான கே2 சிகரம் 2021 ஜனவரி 16 வரை பனிக்காலத்தில் யாருக்கும் வசப்படவில்லை. கடைசியில் பத்து நேபாளிகள் உச்சிக்குச் சற்றுக் கீழே ஒருவருக்கொருவர் காத்திருந்து, சேர்ந்தே ஏறினார்கள்.

ஆனால் குளிரும் காற்றும் முதலில் பறிப்பது உயிரை அல்ல, யோசிக்கும் திறனை. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது முதலில் நடுக்கம் வரும். பிறகு விரல்கள் சொன்னபடி கேட்காது. கையுறையின் பட்டையைப் பூட்டவே வெகுநேரம் ஆகும். பேச்சு குழறும். கால் தடுமாறும். கூட இருப்பவர் “எப்படி இருக்கிறது?” என்று கேட்டால், “எனக்கு ஒன்றுமில்லை, போகலாம்” என்று பதில் வரும். பொய் சொல்லவில்லை, தனக்கு என்ன ஆகிறது என்பது அவருக்கே தெரிவதில்லை. ஆக்சிஜன் குறைவும் இதையே செய்கிறது. திரும்புவதா வேண்டாமா என்று மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறவர், அந்த முடிவைத் தன்னைவிட மந்தமான ஒருவரிடம் ஒப்படைக்கிறார். உயரத்தில் இருக்கும் அவரேதான் அந்த ஒருவர்.

1996 மே 10ஆம் தேதி எவரெஸ்டில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். அது பனிக்காலம் இல்லை, வசந்தம். ஆனால் புயலில் திரும்பும் நேரத்தைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் நிகழ்வு வேறு இல்லை. நியூசிலாந்தின் ராப் ஹால், அமெரிக்காவின் ஸ்காட் ஃபிஷர் ஆகிய இரு தலைவர்களின் குழுக்கள் நள்ளிரவையொட்டிக் கடைசி முகாமிலிருந்து கிளம்பின. பிற்பகல் 2 மணிக்குள் உச்சியைத் தொடாவிட்டால் எங்கே நிற்கிறோமோ அங்கிருந்தே திரும்ப வேண்டும் என்பது முன்பே பேசியிருந்த கணக்கு. வழியில் கட்டியிருக்க வேண்டிய கயிறுகள் கட்டப்படவில்லை. குறுகலான இடங்களில் வரிசை நின்றது. காலை 11.30 மணி அளவில் ஹாலின் குழுவில் மூன்று பேர் கடிகாரத்தைப் பார்த்தார்கள். இந்த வேகத்தில் 2 மணிக்கு முடியாது என்று கணக்குப் போட்டுத் திரும்பிவிட்டார்கள். மூவரும் பிழைத்தார்கள்.

மற்றவர்கள் 2 மணிக்குப் பிறகும் ஏறினார்கள். ஃபிஷர் உச்சியை எட்டியபோது மணி 3.45. ஹாலின் குழுவில் டக் ஹான்சன் என்றொருவர் இருந்தார். முந்தைய ஆண்டு அவரை உச்சிக்கு மிக அருகிலிருந்து திருப்பி அழைத்து வந்தவர் இதே ஹால். இந்த முறை ஹான்சன் 4 மணிக்குப் பிறகுதான் உச்சிக்கு வந்து சேர்ந்தார். ஹால் அவருக்காகக் காத்திருந்தார். மாலையில் புயல் மலையை விழுங்கியது. கீழே முகாமை நெருங்கிவிட்டவர்களில் ஒரு கூட்டம், கூடாரங்களிலிருந்து சில நூறு மீட்டர் தொலைவில், ஒன்றும் தெரியாத வெண்மையில் வழி தவறி இரவில் மணிக்கணக்கில் தவித்தது. ஹால், ஃபிஷர், ஹான்சன் உட்பட அந்தப் பக்கம் ஐந்து பேர் இறந்தார்கள். வடக்கே திபெத் பக்கமிருந்து ஏறிய இந்தோ திபெத் எல்லைக் காவல் படையின் மூன்று வீரர்களும் அதே புயலில் மாண்டார்கள்.

எனக்கு இதில் மிகவும் உறைப்பது ஹாலின் அந்தக் காத்திருப்பு. சென்ற ஆண்டு சரியாக முடிவெடுத்த அதே மனிதர், அதே ஆளுக்காக, இந்த ஆண்டு தன் விதியைத் தானே மீறினார். அன்பினாலா, ஒருமுறை ஏமாற்றத்தோடு அனுப்பிய கடன் உறுத்தியதா, குழுவினர் கட்டியிருந்த, 65,000 டாலர் வரையிலான கட்டணமா என்று இனிப் பிரித்துப் பார்க்க முடியாது. விதி இருந்தது. ஆனால் அதை நிறைவேற்றும் பொறுப்பும் மீறும் அதிகாரமும் ஒரே கையில் இருந்தன. பாம்பன் பாலத்தில் அப்படி இல்லை.

ஏன் மீறுகிறார்கள் என்பதை ஆராய்ந்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் இயன் மெக்காமன் 700க்கும் மேற்பட்ட பனிச்சரிவு விபத்துகளை எடுத்துப் பார்த்தார். ஆபத்தின் அடையாளங்கள் கண்முன்னே இருந்தும் மக்கள் ஏன் போனார்கள் என்பதே அவருடைய கேள்வி. பழகிய சரிவு என்ற தைரியம், கிளம்பிவிட்டோமே என்ற பிடிவாதம், தலைவருக்குத் தெரியாததா என்ற நம்பிக்கை, பக்கத்துக் குழு போகிறதே என்ற துணிச்சல் ஆகியவை அவர் கண்ட காரணங்களில் சில. ராமேஸ்வரம் படகுத்துறையில் நிற்கும் எவருக்கும் இவற்றில் ஒன்றுகூடப் புதிதாக இருக்காது. டீசல் அடித்தாகிவிட்டது, ஐஸ் ஏற்றியாகிவிட்டது, பக்கத்துப் படகு நங்கூரத்தை எடுத்துவிட்டது. வெறும் கையோடு திரும்பினால் செலவுக் காசுகூடத் தேறாது. மலையில் டீசலுக்குப் பதில் விமான டிக்கெட்டும் அலுவலக விடுப்பும் இருக்கின்றன, அவ்வளவுதான்.

எச்சரிக்கை எண்ணிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. மலைப்பகுதிகளில் பனிச்சரிவு அபாயத்தை 1 முதல் 5 வரை எண்ணால் சொல்கிறார்கள். இந்தியாவில் சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனம் இந்த அறிக்கைகளை வெளியிடுகிறது. 4, 5 என்றால் பெரும்பாலானோர் கூடாரத்தைவிட்டு நகர மாட்டார்கள். ஆனால் பல நாடுகளின் கணக்கில், பனிச்சரிவு மரணங்கள் அதிகம் நடப்பது நடுவில் இருக்கும் 3ஆம் நிலையில்தான். சமாளித்துவிடலாம் என்று தோன்றும் நாள்தான் அதிகம் பேரைக் கொல்கிறது. 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகள், முந்தைய 24 மணி நேரத்தில் விழுந்த புதுப்பனி, அதைக் காற்று ஒரு பக்கமாக வாரிச் சேர்த்திருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால், எண் எதுவாக இருந்தாலும் அந்தச் சரிவைக் கடக்கக் கூடாது. பனியில் புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகச் சரிந்துவிடும். அந்தக் கால் மணி நேரத்தில் ஹெலிகாப்டர் வராது. கூட வந்தவர்களின் மண்வெட்டிதான்.

இயற்கை முன்கூட்டியே சொல்லவும் செய்கிறது. காற்றே இல்லாதபோது நீளமான அலை கரைக்கு வந்தால், எங்கோ தொலைவில் புயல் இருக்கிறது என்று கடலோடிகள் அறிவார்கள். மலையில் நிலவைச் சுற்றி வட்டம் விழுவதும், சிகரத்தின் மேல் மூடி வைத்தாற்போல் மேகம் நிற்பதும் அப்படிப்பட்ட சேதிகள். இவற்றைவிட நம்பகமான ஒன்று மலையேறிகளின் கைக்கடிகாரத்திலேயே இருக்கிறது. அதிலுள்ள உயரமானி உண்மையில் காற்றழுத்தத்தைத்தான் அளக்கிறது. அழுத்தம் குறைந்தால் உயரம் கூடியதாகக் காட்டும். இரவு படுக்கும்போது 4,200 மீட்டர் என்று காட்டிய கருவி, காலையில் அதே கூடாரத்தில், அதே தலைமாட்டில் 4,250 என்று காட்டுகிறது. மலை வளரவில்லை. அழுத்தம் விழுந்திருக்கிறது; கெட்ட வானிலை வந்துகொண்டிருக்கிறது. வெளியே வானம் நீலமாக இருக்கலாம். அந்த 50 மீட்டரைப் பார்த்துவிட்டு மூட்டை கட்டுகிறவர்தான் மலையை அறிந்தவர்.

கடலறிவு மலையில் கைவிடும் இடம் திரும்பும் வழிதான் என்று நினைக்கிறேன். வாடைக்காலத்தில் ராமேஸ்வரத்திலிருந்து வடகிழக்கே போன படகுக்குத் திரும்பும்போது காற்று பின்னால் இருந்து தள்ளும். ஆழமில்லாத கடலில் நங்கூரம் பிடிக்கும்; இன்ஜின் நின்றாலும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கலாம். மலையில் இறக்கம் எளிது என்பது தரையில் இருப்பவர்களின் நினைப்பு. தீர்ந்துபோன கால்கள், தீரப்போகும் ஆக்சிஜன், மறையும் வெளிச்சம், காலையில் பதித்த தடத்தை மூடிவிட்ட புதுப்பனி எல்லாம் சேர்ந்து இறக்கத்தில்தான் காத்திருக்கின்றன. நின்று இளைப்பாறவும் முடியாது; அந்தக் குளிரில் கூடாரமின்றி உட்கார்ந்துவிட்டால் உடல் சூடு மீளாது. கையிலுள்ள பலத்தில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும்போதே சிகரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் கணக்கு முடிந்தது.

அப்படிக் கணக்கு முடிந்ததை ஏற்றுக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். ஸ்வீடனிலிருந்து சைக்கிளிலேயே நேபாளம் வந்த யோரான் குரோப், அந்தப் பெரும் விபத்துக்கு ஒரு வாரம் முன்பு, 1996 மே 3ஆம் தேதி, ஆக்சிஜன் உருளை இல்லாமல் தனியாக எவரெஸ்ட் ஏறினார். ஆழமான பனியில் நேரம் கரைந்துபோக, உச்சிக்கு ஏறத்தாழ 100 மீட்டர் கீழே இருந்து திரும்பினார். பல மாதச் சைக்கிள் பயணம் பின்னால் நிற்க, எட்டும் தூரத்தில் சிகரம் நிற்க, திரும்பினார். மே 23ஆம் தேதி மறுபடியும் ஏறி உச்சியைத் தொட்டார்.

2016 பிப்ரவரி 26ஆம் தேதி நங்க பர்பத் சிகரத்தைப் பனிக்காலத்தில் முதன்முதலாக மூன்று பேர் எட்டினார்கள். நான்காவதாக ஏறிக்கொண்டிருந்தவர் இத்தாலியின் தமாரா லுங்கர். உச்சிக்கு ஏறத்தாழ 70 மீட்டர் இருந்தபோது, தன் உடல் அன்று சரியில்லை, மேலே போனால் இறங்க மற்றவர்கள் உதவி தேவைப்படும் என்று உணர்ந்து திரும்பினார். அந்த 70 மீட்டரைக் கடந்திருந்தால், 8,000 மீட்டர் சிகரம் ஒன்றின் முதல் பனிக்கால ஏற்றத்தில் பங்குபெற்ற முதல் பெண் என்று வரலாற்றில் அவர் பெயர் நின்றிருக்கும். உச்சியைத் தொட்ட மூவரில் ஒருவரான பாகிஸ்தானின் அலி சத்பாரா, 2021 பிப்ரவரி 5ஆம் தேதி கே2வில் இரண்டு தோழர்களோடு காணாமல் போனார். அவருடைய மகன் சாஜித்தும் அன்று உடன் ஏறினார். ஆக்சிஜன் கருவி பழுதானதால் பாதியில் இறங்கிய அந்த மகன் பிழைத்தார். தந்தை உள்ளிட்ட மூவரின் உடல்கள் ஜூலையில்தான் கிடைத்தன. எத்தனை அனுபவம் இருந்தாலும் மலை ஒருவருக்கும் சலுகை காட்டுவதில்லை.

நம் பிள்ளைகள் போகும் மலைகள் இவ்வளவு பெரியவை அல்ல. ஆனால் 3,800 மீட்டரில் மாட்டிக்கொண்டாலும் புயல் புயல்தான். எனவே முன்பணம் கட்டும் முன் அழைத்துப் போகும் நிறுவனத்திடம் சிலவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். உச்சி நாளில் எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை எழுத்தில் கேளுங்கள். “வானிலையைப் பார்த்து முடிவெடுப்போம்” என்பது பதில் ஆகாது. ஒருவருக்கு முடியாமல் போனால் அவரோடு கீழே இறங்கத் தனி வழிகாட்டி உண்டா என்று கேளுங்கள். ஒரே வழிகாட்டி இருக்கும் குழுவில், முடியாதவர் மற்றவர்களுக்காக வாயை மூடிக்கொண்டு ஏறுவார். திரும்பும் நேரத்தைக் குழுவில் சேராத, ஊரில் இருக்கும் ஒருவரிடமும் சொல்லிவிட்டுப் போங்கள். செய்தி வராவிட்டால் யாரை எப்போது அழைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடைசியாக, சென்ற பனிக்காலத்தில் உச்சியைத் தொடாமல் திரும்பிய குழுக்கள் எத்தனை என்று கேளுங்கள். ஒன்றுகூட இல்லை என்று பெருமையாகப் பதில் வந்தால், அந்த நிறுவனத்தோடு போகாதீர்கள்.